எங்கள் கம்ப்யூட்டரில் எப்போதும் மார்ச்

அந்த ஆறு வாரங்களில் எந்த நாளில் எனக்குக் காரணம் தெரிந்தது? இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. கடைசி நாளில்தான் தெரிந்தது என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் நம்பினார். சில மாதங்கள் நானும் அதையே நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு யோசிக்க யோசிக்க அந்த நாள் ஒவ்வொரு வாரமாக முன்னால் நகர்ந்துகொண்டே போனது.

என் மகளுக்கு அப்போது ஆறரை வயது. கல்கத்தாவில், டாக்குரியாவில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் மூன்றாம் மாடியில் இருந்தோம். வீட்டில் நான், மகள், மாமனார் மூன்று பேர்தான். கணவருக்குத் துர்காபூரில் வேலை. திங்கட்கிழமை காலை ரயில் ஏறினால் சனிக்கிழமை சாயங்காலம்தான் வருவார். மாமனாரை நான் மாமா என்று கூப்பிடுவேன். ரயில்வேயில் நெடுநாள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், திருநெல்வேலிப் பக்கம். கல்கத்தாவுக்கு வந்து நாற்பது வருடம் ஆகியும் பேச்சு மட்டும் மாறவில்லை.

கோடை விடுமுறைக்கு முன் பள்ளியில் கண் பரிசோதனை நடத்தினார்கள். இடது கண்ணை மருத்துவரிடம் காட்டவும் என்று டைரியில் ஒரு சீட்டு வந்தது. அன்று சாயங்காலமே அவளைச் சுவர்க் காலண்டருக்கு எதிரே நிறுத்தி, வலது கண்ணை என் உள்ளங்கையால் மூடினேன். தினமும் தாள் கிழிக்கிற காலண்டர். தேதி எண் கட்டைவிரல் உயரம் இருக்கும். அது என்ன எண் என்று கேட்டேன்.

"கைய எடு மா, சொல்றேன்" என்றாள்.

கையை எடுக்காமல் மறுபடியும் கேட்டேன். எனக்குத் தெரியாத ஒன்றை எனக்குச் சொல்லித் தருவது போலப் பொறுமையாக, "இது பார்க்கிற கண்ணு இல்ல மா" என்றாள்.

ஆறு வருடம் குளிப்பாட்டியிருக்கிறேன், தலை வாரியிருக்கிறேன், தூசி விழுந்தால் இமையை விரித்து ஊதியிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

பாலிகஞ்சில் ஒரு கண் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். மருத்துவர் என் அம்மா வயதுப் பெண்மணி. கண்ணில் நோய் ஒன்றும் இல்லை என்றார். பிறவியிலேயே இடது கண்ணின் பவர் அதிகம், அதனால் மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவைத்துவிட்டு வலது கண்ணை மட்டும் வைத்துக் காலம் தள்ளுகிறது, இதைச் சோம்பேறிக் கண் என்று சொல்வோம் என்றார். கண்ணாடி போட வேண்டும். தினமும் நான்கு மணி நேரம் நல்ல கண்ணைப் பட்டி ஒட்டி மூட வேண்டும். அப்போதுதான் மற்றது வேலை செய்யப் பழகும். ஏழு எட்டு வயதுக்குள் பழகினால் உண்டு, அதற்குப் பிறகு கஷ்டம், ஆகவே ஒரு வாரத்தைக்கூட வீணாக்காதீர்கள் என்றார். எத்தனை மணி நேரம் ஒட்டினோம் என்று தினமும் எழுத ஓர் அட்டையும் கொடுத்தார்.

பட்டி என்பது தோல் நிறத்தில் ஒரு பிளாஸ்திரி. கல்கத்தா ஜூலை மாதத்தில் அதை ஒரு குழந்தையின் முகத்தில் நான்கு மணி நேரம் ஒட்டிவைப்பது எப்படி என்று அந்த அட்டையில் எழுதியிருக்கவில்லை. வியர்வையில் தோல் சிவந்து பொரிபொரியாகக் கிளம்பியது. கதவில் இடித்துக்கொண்டாள். பால் டம்ளரைத் தட்டிவிட்டாள். அழுதாள். நான் சமையலறைக்குப் போனதும் பிய்த்து எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுவாள். ஒரு நாள் ஐந்தாறு பட்டிகள் வரிசையாக அங்கே இருந்தன. கீழ்வீட்டு அம்மாளை எல்லோரும் மாசிமா, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவோம். அவர் வீட்டுக்கு விளையாடப் போனால் அவரே பிய்த்துவிட்டு, கையில் ஒரு சந்தேஷ் இனிப்பையும் கொடுத்து அனுப்புவார். இரண்டு தடவை மகளை அடித்திருக்கிறேன். அதன் பிறகு அடிக்கவும் மனமில்லாமல், சண்டை போடவும் தெம்பில்லாமல், ஒன்றரை மணி நேரம் ஒட்டியிருந்த நாளிலும் அட்டையில் நான்கு என்று எழுத ஆரம்பித்தேன். நாளைக்கு ஈடுகட்டிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் உண்மையாகவே நினைத்தேன்.

துர்கா பூஜை விடுமுறை முடிந்து மறுபடி காட்டப் போனபோது மருத்துவர் சோதித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அட்டையைப் புரட்டினார். இவ்வளவு நேரம் ஒட்டியும் முன்னேற்றம் இல்லையே என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதுதான் அந்த சிடியைக் கொடுத்தார். அது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமுமான காகிதக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால், திரையில் நீந்தும் மீன்கள் இடது கண்ணுக்கு மட்டும் தெரியும். மவுஸால் வலையை நகர்த்தி அவற்றைப் பிடிக்க வேண்டும். தினமும் அரை மணி நேரம். எத்தனை மீன் பிடித்தாள், எந்தத் தேதியில் என்பதை அதுவே பதிந்துகொள்ளும்.

"இதை விளையாட்டுன்னு நினைக்காதீங்க, மருந்து மாதிரி நினைங்க" என்றார் மருத்துவர்.

என் மகள் பஸ்ஸில் அந்த சிடியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

இங்கே எங்கள் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முன்னறையில் டெலிபோனுக்குப் பக்கத்தில் இருந்தது. அதிகம் பயன்படுத்தியது மாமாதான். ஜாதகம் கணிப்பது அவருடைய பொழுதுபோக்கு. காசு வாங்கமாட்டார். லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பிறந்த நேரத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். போகும்போது காப்பிப் பொடிப் பொட்டலம் ஒன்றை மேஜைமேல் வைத்துவிட்டுப் போவார்கள். சென்னையிலிருந்து ஓர் உறவினர் ஜாதகம் கணிக்கும் மென்பொருள் ஒன்றை அந்த மார்ச் மாதம் கொண்டுவந்து போட்டுக் கொடுத்தார். முப்பது நாள் மட்டும் ஓசியில் ஓடும். பிறகு பணம் கட்டி வாங்க வேண்டும். மாமாவுக்கு அது பிடித்துவிட்டது. இரண்டு நாள் போடுகிற கணக்கை அது இரண்டு நிமிடத்தில் போட்டது.

கல்யாணத்துக்கு முன் நான் ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போயிருக்கிறேன். அங்கே நாங்கள் எல்லோரும் செய்த தந்திரம் ஒன்று உண்டு. கம்ப்யூட்டரின் தேதியைப் பின்னால் தள்ளி வைத்துவிட்டால் முப்பது நாள் தீரவே தீராது. அதை மாமாவுக்குச் செய்து கொடுத்தேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் கணவரை ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டு வந்து, தேதியை மார்ச் நாலு என்று வைப்பேன். வெளியே சித்திரை வெயிலடித்தது, மழை கொட்டித் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றது, பூஜைப் பந்தல் போட்டார்கள், பிரித்தார்கள். எங்கள் கம்ப்யூட்டரில் மார்ச் பத்து தாண்டவில்லை. இயந்திரத்தைப் போட்டதும் அந்த மென்பொருள் தானாகத் திறந்து, அன்றைய ராகு காலம் இது என்று மார்ச் மாதக் கணக்கு ஒன்றைச் சொல்லும். மாமா சிரித்துவிட்டுச் சுவர்க் காலண்டரைப் பார்ப்பார்.

லேக் மார்க்கெட்டில் மளிகைக் கடை வைத்திருந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அடிக்கடி வருவார். மாமா அவரிடம் என்னைக் காட்டி, "எங்க மருமவ காலத்தையே பிடிச்சுக் கட்டிப் போட்டிருக்கா வே" என்பார்.

"அப்படியே என் வயசையும் ஒரு இருவது வருசம் பின்னால தள்ளிவிடச் சொல்லுங்க அண்ணாச்சி" என்பார் கடைக்காரர்.

நான் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த வீட்டில் என் சமையலை யாரும் குறை சொன்னதில்லை, புகழ்ந்ததும் இல்லை. நாலு பேர் கேட்க என்னைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னது இந்த ஒரு விஷயத்துக்குத்தான். மென்பொருளை வாங்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கேட்டிருந்தால் என் கணவர் வாங்கித் தந்திருப்பார். நான் கேட்கவில்லை.

ஒரே ஓர் ஆபத்துதான். அந்த மென்பொருள் உண்மையான தேதியை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். மறுபடி போட்டாலும் திறக்காது. மாமா அதில் சேர்த்து வைத்திருந்த ஜாதகங்கள், ஓரத்தில் அவர் எழுதிய குறிப்புகள் எல்லாம் உள்ளேயே கிடக்கும்.

சிடி வந்த அன்று, மகளை மடியில் உட்காரவைத்துக்கொண்டு அதைப் போட்டேன். தன் கண்ணாடிக்கு மேலேயே அந்தக் காகிதக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு அவள் தயாராக இருந்தாள். திரையில் நீலப் பட்டை ஊர்ந்து ஊர்ந்து முக்கால்வாசி நிரம்பியது. அங்கே நின்றது. ஒரு சாம்பல் நிறப் பெட்டி வந்தது. நிறுவ முடியவில்லை, உரிமக் காலம் பொருந்தவில்லை, மருத்துவமனையை அணுகவும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. சரி என்ற பொத்தானை அமுக்கியதும் எல்லாம் மறைந்தது. மறுபடி போட்டேன். மறுபடி முக்கால். அன்று பதினோரு தடவை செய்தேன். ஏழாவதிலோ எட்டாவதிலோ அவள் மடியிலிருந்து இறங்கிப் போய்விட்டாள்.

உரிமக் காலம் என்றால் சிடி பழையது போல என்று நினைத்தேன். மருத்துவமனைக்குப் போன் செய்தேன். சிடி விஷயங்களைப் பார்ப்பவர் செவ்வாய், வெள்ளி மட்டும்தான் வருவார் என்றார்கள். அதற்குள் காளி பூஜை விடுமுறை வந்தது. அது முடிந்து போய் வேறு சிடி வாங்கிவந்தேன். அதே முக்கால், அதே பெட்டி.

கணவர் சனிக்கிழமை வந்து ஒரு தடவை போட்டுப் பார்த்தார். டிரைவ் அழுக்காக இருக்கும், ஆளைக் கூப்பிடு என்றார். தெருமுனையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் நடுத்தர வயதுக்காரர் ஒருவர் வந்தார். சிடியைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். பெட்டியைக் கழற்றித் தூசி ஊதினார். நினைவகம் போதாது என்று ஒன்றை வாங்கிச் செருகினார். பிறகு வைரஸ் என்றார். கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும் என்றார். அழித்தால் மாமாவின் ஜாதகங்கள் போய்விடும். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். வேலை செய்யும்போது அவர் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதா என்று திரையின் மூலையை அடிக்கடி பார்த்தார். அங்கே நேரம் மட்டும்தான் தெரியும். தேதி தெரிய வேண்டும் என்றால் அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோய் வைக்க வேண்டும். நேரம் நிமிடம் பிசகாமல் சரியாகவே இருந்தது.

மூன்றாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, மருத்துவமனையின் சிடிக்காரரே போன் செய்தார். மென்மையான குரல். என்னைப் பௌதி என்று கூப்பிட்டார். அண்ணி என்று அர்த்தம். இங்கே கல்யாணமான பெண் எல்லோருக்கும் பௌதிதான். ஒரு தாளை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்பது போலிருந்தது. நினைவகம் எவ்வளவு, மற்ற சிடிகள் திறக்கின்றனவா, இடம் இருக்கிறதா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு கேட்டார்:

"தாரிக் டிக் ஆச்சே தோ, பௌதி?"

தேதி சரியாக இருக்கிறதல்லவா என்று கேட்டார். மாமா என்னிடமிருந்து இரண்டு கை தூரத்தில், கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மளிகைக் கடைக்காரர். அவர் மகளுக்கு கரக்பூரில் ஒரு வரன் வந்திருந்தது, இரண்டு ஜாதகத்தையும் திரையில் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாமாவுக்கு வங்காள மொழி நன்றாகத் தெரியும்.

"ஹ்யா, டிக் ஆச்சே" என்றேன். ஆமாம், சரியாக இருக்கிறது.

அந்த ஆமாமை நான் எத்தனையோ முறை பிரித்துப் பார்த்துவிட்டேன். பொய் சொல்கிறோம் என்ற எண்ணம் அப்போது இல்லை என்று சத்தியம் செய்வேன். கரண்ட் இருக்கிறதா என்று கேட்டால் ஆமாம் என்பது போலத்தான் சொன்னேன். என் கையால் வைத்த தேதி. வாரம் தவறாமல் சரிபார்த்து வைக்கிற தேதி. அது தப்பான தேதி என்பது மனதின் எந்த மூலையிலும் இல்லை என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள், ஆமாம் சொல்வதற்கு முன் மாமாவின் பக்கம் ஏன் திரும்பிப் பார்த்தாய் என்று தோன்றும். திரும்பிப் பார்த்தேன். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அடுத்த திங்கட்கிழமையும் வழக்கம் போல மார்ச் நாலு என்று வைத்தேன். அன்று என்ன குழம்பு என்று கேட்டால்கூடச் சொல்வேன், கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. தேதியை மாற்றும்போது கை ஒரு நொடியாவது நின்றதா என்பது மட்டும் ஞாபகத்தில் இல்லை. அதற்கடுத்த திங்கட்கிழமையும் வைத்தேன். அதற்கடுத்ததும்.

அந்த நாட்களில் பட்டியை அநேகமாக விட்டுவிட்டோம். விளையாட்டு வரப்போகிறதே, எதற்குக் குழந்தையை வதைப்பது என்று நினைத்தேன். வாரம் இரண்டு நாள் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனால் அங்கேயுள்ள ஒரே கம்ப்யூட்டரில் இருபது நிமிடம் விளையாட விடுவார்கள். வரிசையில் காத்திருந்து ஆடிவிட்டு வருவாள். ஒரு வாரம் எனக்குக் காய்ச்சல், போகவில்லை. இன்னொரு வாரம் பரீட்சை. அட்டையில் நான்கு, நான்கு, நான்கு என்று எழுதிக்கொண்டே வந்தேன்.

ஆறாவது வாரம் மாமாவும் கடைக்காரரும் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க கரக்பூர் கிளம்பினார்கள். இரண்டு நாள். மாமாவின் பையில் வேட்டி துண்டு எடுத்து வைத்து, வழிக்கு இட்லி கட்டிக் கொடுத்தேன். மகள் பள்ளிக்குப் போயிருந்தாள். படியில் அவர்கள் செருப்புச் சத்தம் அடங்கும்வரை கதவருகே நின்றேன். பிறகு கம்ப்யூட்டரைப் போட்டு, மூலையில் இருந்த நேரத்தின்மேல் இரண்டு தடவை அமுக்கி, மார்ச்சை டிசம்பர் ஆக்கினேன். உடனே ஒரு சின்னச் சன்னல் திறந்தது. உங்கள் சோதனைக் காலம் முடிந்துவிட்டது, நன்றி என்றது. பிறகு சிடியைப் போட்டேன். முக்கால்வாசியில் நிற்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நிற்கவில்லை. முழுவதும் நிரம்பியது. எல்லாம் சேர்த்து நான்கு நிமிடம் இருக்கும். அந்த சிடியின் உரிமம் அக்டோபரில் தொடங்கியிருந்தது. எங்கள் இயந்திரமோ அக்டோபர் இன்னும் வரவே இல்லை என்று ஆறு வாரமாக அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தது.

மீன்கள் நீந்தின. நான் அழவில்லை. குக்கரை இறக்க வேண்டியிருந்தது, எழுந்து போனேன்.

அன்றைக்குத்தான் காரணம் தோன்றியது, தோன்றியதும் செய்து பார்த்தேன் என்றுதான் கணவரிடம் சொன்னேன். ஆனால் அன்றைக்குத் தோன்றியவள் எதற்காகச் செருப்புச் சத்தம் அடங்கும்வரை கதவருகே நிற்க வேண்டும்?

மாமா திரும்பி வந்ததும் ஜாதகம் தானாகவே நின்றுபோய்விட்டது என்று சொன்னேன். "அதுக்கும் ஒரு ஆயுசு இருக்கும்லா" என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். சாயங்காலம் பேத்தி மீன் பிடிப்பதை அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அடுக்களைக்கு வந்து என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"எம்மா, இம்புட்டு நாளா இது எடம் பத்தாமதான் ஏறலியோ?"

"இல்ல மாமா, சிடிதான் கெட்டுப்போயிருந்தது."

"எடம் பத்தலேன்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா. அன்னைக்கே அதத் தூக்கிப் போட்டிருப்பேன். எனக்குக் கையாலயே போடத் தெரியும். புள்ள கண்ணு பெருசா, சாதகம் பெருசா?"

அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. அப்படிப் பேசத் தெரியாதவர். மறுநாளிலிருந்து பழைய பஞ்சாங்கத்தையும் நோட்டையும் எடுத்துவைத்துக்கொண்டு கையாலேயே கணக்குப் போட ஆரம்பித்தார். கட்டிப் போட்ட காலத்தைப் பற்றிய பேச்சு அதோடு நின்றது. அவருக்குப் பயந்துதான் ஆறு வாரம் சும்மா இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லாமல் போனது.

அவள் தினமும் விளையாடினாள். எட்டு வயது தாண்டியும் விடாமல் ஆடவைத்தேன். எழுத்துப் பலகையில் மேல் எழுத்து ஒன்றை மட்டும் படித்த கண் மூன்றாவது வரிவரை இறங்கியது. அங்கே நின்றுவிட்டது. நான்காவது வரிக்கு வரவே இல்லை. ஒருநாள் துணிந்து மருத்துவரிடம், ஆறு வாரம் முன்னாலேயே தொடங்கியிருந்தால் வித்தியாசம் இருந்திருக்குமா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். ஒன்றும் இருந்திருக்காது, கொஞ்சம் இருந்தும் இருக்கலாம், சீக்கிரம் தொடங்குவது நல்லது என்று எல்லோருக்கும் சொல்கிறோம் என்றார். பிறகு என் அட்டையை எடுத்து மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்தார்.

"நீங்க எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்கீங்க. சில கண்கள் சொன்ன பேச்சு கேட்காது" என்றார்.

நான் அதைத் திருத்தவில்லை. என் பொய்க் கணக்கை நம்பி அவர் வேறு சிகிச்சை எதையாவது சொல்லாமல் விட்டாரோ என்பது தனிக் கவலை. அதை இங்கே கிளப்ப எனக்குத் தைரியமில்லை.

இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. பார்த்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. நன்றாகப் படிக்கிறாள். தமிழைவிட வங்காள மொழி நன்றாகப் பேசுகிறாள். ஒரு கண்ணை மட்டும் நம்பி இருப்பவர்களுக்குத் தூரம் சரியாகப் பிடிபடாது. தண்ணீர் ஊற்றினால் டம்ளருக்கு வெளியே கொஞ்சம் ஊற்றுவாள். படியில் இறங்கும்போது சுவரைத் தொட்டுக்கொண்டே இறங்குவாள். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு கதை இருக்கிறது. சின்ன வயதில் அவள் பட்டியைப் பிய்த்து ஃபிரிட்ஜில் ஒட்டினாள் என்று விருந்தாளிகள் வந்தால் சிரித்துச் சிரித்துச் சொல்வோம். மாமா சொல்வார், மாசிமா சொல்வார். என் கணவர், "அன்னைக்கே அம்மா பேச்சைக் கேட்டிருந்தா ஃபிரிட்ஜுக்குப் பதில் உனக்குக் கண்ணு தெரிஞ்சிருக்கும்" என்று அவள் தலையில் தட்டுவார். அவளும் சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன்.

போன மாதம் பள்ளியில் த்ரோபால் அணிக்கு ஆள் எடுத்தார்கள். அவள் ஒரு வருடமாக ஆசைப்பட்டுக் காத்திருந்தது அது. பந்து முகத்தில் பட்டு, மூக்கில் ரத்தம் வந்து, ஆசிரியை அவளைத் தனியாகக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து சட்டையில் இருந்த ரத்தத்தைத் தானே சோப்புப் போட்டுத் துவைத்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். நிமிராமல் கேட்டாள்.

"என் தப்புதானே மா? பட்டியப் பிய்க்காம இருந்திருந்தா இது சரியாயிருக்கும்."

அப்படியெல்லாம் இல்லை என்றேன்.

"பரவால்ல மா. நீ எவ்வளவு கஷ்டப்பட்டேன்னு மாசிமா சொன்னாங்க. அப்ப எனக்கு ஒண்ணும் புரியல, சின்னப் பொண்ணுதானே" என்றாள். துணியைப் பிழிந்து உதறிவிட்டு, "சாரி மா" என்றாள்.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் என்னிடம் நடந்துகொள்கிற விதம் மாறியிருக்கிறது. கேட்காமலேயே பாத்திரம் கழுவித் தருகிறாள். நான் கொஞ்சம் அலுத்துக்கொண்டால் முகம் சுருங்கிவிடுகிறது. என்னிடம் பட்ட கடனை அடைக்கிறவள் போல நடந்துகொள்கிறாள். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

அவளிடம் சொல்ல வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, அல்லது நேற்றுவரை இல்லை. சொன்னால் அவள் முதலில் ஓடுவது தாத்தாவிடம்தான். மாமாவுக்கு எண்பது வயதாகப் போகிறது. தன் ஜாதகத்துக்காகத்தான் பேத்தியின் கண் காத்திருந்தது என்று அவருக்குத் தெரிய வேண்டுமா? அவரை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியுமா? விட்டுவிட்டால் அது இன்னொரு அட்டைக் கணக்காகிவிடாதா? ஆறு வாரத்தால் ஒன்றும் கெட்டிருக்காது என்று இருந்தால், நான் சொல்வது என் பாரத்தை ஒரு குழந்தையின் தலையில் இறக்கிவைப்பது மட்டும்தானே? கணவரிடம் இதை எல்லாம் கேட்க முடியாது. அவருக்குத் தெரிந்தது அந்தக் கடைசி நாள் மட்டும்தான்.

இதைப் படிப்பவர்களில் பிள்ளையிடம் இப்படி ஒன்றைச் சொன்னவர்கள் யாராவது இருப்பீர்கள். எந்த வயதில் சொன்னீர்கள்? பன்னிரண்டு போதுமா, இன்னும் சில வருடம் பொறுக்க வேண்டுமா? தனியாகச் சொன்னீர்களா, வீட்டார் எல்லோரையும் வைத்துக்கொண்டா? சொல்லாமலே விட்டவர்கள் இருந்தால், அது சரியாக வந்ததா என்பதையும் எழுதுங்கள். ஆறுதல் வார்த்தை வேண்டாம். சொல்லத்தான் வேண்டும் என்றால், அவள் பக்கத்தில் உட்கார்ந்து நான் எந்த வாக்கியத்தில் தொடங்குவது என்று மட்டுமாவது எனக்கு எழுதுங்கள்.